வாசகர் கேள்வி பதில்: வீடு மாற்ற எத்தனை அடி வண்டி வேண்டும்?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்துடன் சென்னைக்குக் குடிபெயர்கிறோம். இப்போது இருப்பது இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு. மூன்று பேரிடம் விசாரித்ததில், ஒருவர் டாட்டா 407 என்னும் சிறிய லாரியே போதும் என்கிறார். இன்னொருவர் 14 அடி மூடிய வண்டி வேண்டும் என்கிறார். மூன்றாமவர் 17 அடிக்குக் குறைந்தால் பொருள் மிஞ்சிவிடும் என்கிறார். மூவருமே வீட்டை நேரில் பார்க்காமல், எத்தனை படுக்கையறை என்று மட்டும் தொலைபேசியில் கேட்டுச் சொன்னவர்கள். யார் சொல்வது சரி என்று நாங்களே கணக்கிட முடியுமா? எங்களிடமுள்ள பொருள்களின் பட்டியலையும் அளவுகளையும் இணைத்துள்ளேன்.
(வாசகி, மதுரை)

பதில்: தாராளமாக முடியும். அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு மாலைப் பொழுது, இவை இருந்தால் போதும். படுக்கையறைகளின் எண்ணிக்கையை வைத்து வண்டியை முடிவு செய்வது தவறான வழி. புதிதாக மணமானவர்களின் இரண்டு படுக்கையறை வீட்டிலும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் குடியிருந்து பரண் வரை பொருள் நிரம்பிய இரண்டு படுக்கையறை வீட்டிலும் உள்ள சாமான்களின் அளவு ஒன்றுக்கொன்று மும்மடங்கு வேறுபடுவதுண்டு. எனவே அறையை எண்ணாமல் பொருளை அளக்க வேண்டும். நம் ஊரில் வண்டிகளை அடியில் சொல்வதால் கன அடியிலேயே கணக்கிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்கினால் அந்தப் பொருள் அடைக்கும் இடம் கிடைத்துவிடும். கைப்பிடி, கால், தலைப்பலகையின் வளைவு என வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எதுவாயினும் அதன் கடைசி முனை வரை அளக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீல் பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், 1.6 அடி ஆழம். ஒன்றுக்கு 31 கன அடி வீதம் இரண்டுக்கு 62. சோபாவில் மூவர் அமரும் இருக்கை ஆறரை அடி நீளமும் மூன்றடி அகலமும் மூன்றடி உயரமும் உள்ளதால் 58, ஒற்றை இருக்கைகள் இரண்டும் சேர்ந்து 54, ஆக 112. உங்கள் வீட்டிலேயே அதிக இடம் கேட்கும் பொருள் இந்தச் சோபாதான் என்பதைக் கவனியுங்கள். பெரிய கட்டிலைக் கழற்றிவிடலாம் என்று எழுதியிருப்பதால் அதற்கு 14 கன அடி போதும், திவானைக் கழற்ற முடியாது என்பதால் 23, மெத்தைகள் இரண்டுக்கும் 23, ஆக 60. சாப்பாட்டு மேசையின் கால்களைக் கழற்றினால் 6, நாற்காலிகள் நான்கையும் இரண்டிரண்டாகக் கவிழ்த்து அடுக்கினால் 18, ஆக 24. மேசையை அப்படியே ஏற்றினால் அது ஒன்றே 37 கன அடியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் எவ்வளவு இடத்தை மிச்சப்படுத்துகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

குளிர்சாதனப் பெட்டியில் பலரும் ஏமாறுகிறார்கள். அதன்மேல் எழுதியிருக்கும் 250 லிட்டர் என்பது உள்ளே பொருள் வைக்கும் கொள்ளளவு. அது 9 கன அடிதான். ஆனால் சுவர்களின் தடிமனும் பின்புற இயந்திரமும் சேர்ந்து வெளியளவு அதைப்போல் இரு மடங்கு, அதாவது 20 கன அடியாகிவிடுகிறது. சலவை இயந்திரத்துக்கு 10, தொலைக்காட்சிக்கும் அதன் மேசைக்கும் 14, ஏ.சி.யின் இரு பகுதிகளுக்கும் 8, இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் 6. மின்சாதனங்கள் மொத்தம் 58. எழுதுமேசையும் புத்தக அலமாரியும் 33. பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, டிரம் வகையறாவுக்கு 15, குழந்தையின் சைக்கிளுக்கு 20. அனைத்தையும் கூட்டினால் 384 கன அடி.

கண்ணுக்குத் தெரியும் மரச்சாமான்களோடு இந்தக் கணக்கு முடிந்துவிடுவதில்லை. தவறான மதிப்பீடுகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத பொருள்களால்தான் வருகின்றன. பீரோவுக்குள் இருக்கும் துணி, பரணில் கிடக்கும் பித்தளை அண்டா, கட்டிலுக்கடியில் தள்ளிவைத்த பெட்டி, சமையலறை அடுக்கின் பின்வரிசை, பூசை அறை, கொலுப் படிகள், பால்கனித் தொட்டிகள் ஆகிய யாவும் ஒருநாள் அட்டைப் பெட்டிக்குள் வந்தாக வேண்டும். உங்கள் பட்டியலில் இவை 'இதர சாமான்கள்' என்ற ஒரே வரியில் அடங்கியிருக்கின்றன. கீழே எழுதியிருந்த விவரத்தை வைத்துப் பார்த்தால், துணிக்கும் படுக்கைக்கும் 4.5 கன அடிப் பெட்டிகள் 12, சமையலறைக்கு 3 கன அடிப் பெட்டிகள் 12, மற்றவற்றுக்கு அதே அளவில் 8, புத்தகங்களுக்கும் ஆவணங்களுக்கும் 1.5 கன அடிப் பெட்டிகள் 8 என நாற்பது பெட்டிகள் தேவைப்படும். அவற்றின் அளவு 126 கன அடி. எல்லாப் பரண்களையும் ஒருமுறை ஏணி வைத்துப் பார்த்து இந்த எண்ணிக்கையை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மரச்சாமான்களைச் சுற்றும் போர்வை, அட்டை, குமிழி உறை ஆகியவற்றுக்காக அவற்றின் அளவில் பத்து விழுக்காடு, அதாவது 38 கன அடி சேர்த்தால் மொத்தம் 548 ஆகிறது. திவானின் அடியில் உள்ள வெற்றிடத்தில் சுமார் 18 கன அடிக்குப் பெட்டிகளைச் செருகலாம் என்பதால் அதைக் கழித்து 530 என்று வைத்துக்கொள்வோம்.

இனி வண்டிக்கு வருவோம். 17 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி உயரம் கொண்ட மூடிய வண்டியின் உட்புறக் கொள்ளளவு 714 கன அடி. அதில் 714 கன அடிப் பொருளை ஏற்ற எவராலும் முடியாது. சோபாவின் கைகளுக்கிடையே, நாற்காலிக் கால்களுக்கிடையே, பெட்டி அடுக்குக்கும் கூரைக்கும் இடையே இடைவெளி இருந்தே தீரும். நன்றாக அடுக்கத் தெரிந்தவர்கள் ஏற்றினாலும் கால் பங்கு வெற்றிடமாகப் போய்விடும் என்று கொண்டு, மொத்தத்தில் முக்கால் பங்கையே பயன்படும் இடமாகக் கருத வேண்டும். 17 அடி வண்டியில் அது 535. உங்கள் 530 அதில் அடங்கிவிடும். 14 அடி நீளமும் 6 அடி அகலமும் ஆறரை அடி உயரமும் உள்ள வண்டியில் மொத்தம் 546, பயன்படுவது 410 மட்டுமே. 407-இன் தளம் ஏறத்தாழ பத்தடிக்கு ஆறடி. ஆறடி உயரத்துக்கு அடுக்கினாலும் 270-ஐத் தாண்டாது. மூன்றாமவர் சொன்னதுதான் சரி.

வண்டிக் கூண்டுகளை வெவ்வேறு பட்டறைகளில் கட்டுவதால் ஒரே '17 அடி' வண்டியிலும் உள்ளளவு அரை அடி, ஓரடி கூடக்குறைய இருக்கும். ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன் உட்புற நீளம், அகலம், உயரம், பின்கதவுச் சட்டத்தின் உயரம் ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். கதவுச் சட்டம் உட்கூரையைவிடத் தாழ்வாக இருக்கும். உங்கள் மூவர் சோபாவை நெட்டுக்கு நிறுத்தினால் தரையில் 9 சதுர அடி போதும். படுக்கவைத்தால் கிட்டத்தட்ட 20 சதுர அடி வேண்டும். ஆறரை அடிச் சோபாவை நிறுத்த ஏழடிக் கூரை வேண்டும் என்பதாலும் இந்த உயரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

எடையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களுக்குக் கன அடிக்கு 7 பவுண்டு, அதாவது சுமார் 3.2 கிலோ என்று வைத்துக் கணக்கிடும் வழக்கம் உண்டு. ஸ்டீல் பீரோவும் எவர்சில்வர் பாத்திரமும் கிரைண்டரும் உள்ள நம் வீடுகளுக்கு 4 கிலோ என்று வைப்பதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தாலும் உங்கள் சாமான்கள் 2,200 கிலோ அளவில்தான் வரும். 17 அடி வண்டிக்கு அது பாரமே அல்ல. வாடகையைக் குறைக்க 14 அடியில் அடக்கியே ஆக வேண்டும் என்றால், ஒற்றை இருக்கைகள் இரண்டு, எழுதுமேசை, புத்தக அலமாரி, சைக்கிள் ஆகியவற்றை மதுரையிலேயே விற்றோ கொடுத்தோ விட வேண்டியிருக்கும். அப்போதும் 410-ஐ ஒட்டியே நிற்கும் என்பதால், வண்டி கிளம்பும் நேரத்தில் பத்துப் பெட்டிகள் வாசலில் மிஞ்சும் நிலை வரலாம்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் ஒரு குறுகிய தெருவிலிருந்து குரோம்பேட்டைக்கு வீடு மாறுகிறோம். ஒரு படுக்கையறை வீடு. உங்கள் முறைப்படி அளந்ததில் எல்லாம் சேர்ந்து 230 கன அடி வருகிறது. குட்டி யானையை இரண்டு நடை அடிப்பதா, பெரிய வண்டியில் ஒரே நடையாகக் கொண்டுபோவதா?
(வாசகர், சென்னை)

பதில்: குட்டி யானை என்று நாம் சொல்லும் டாட்டா ஏஸ் வண்டியின் தளம் ஏழடி நீளத்துக்குச் சற்று அதிகம், அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு, தரைப்பரப்பு ஏறத்தாழ 35 சதுர அடி. பக்கப் பலகை ஓரடி உயரமே உள்ளதால், ஐந்தடிக்கு மேல் அடுக்கினால் கயிற்றை மட்டும் நம்பியிருக்க வேண்டும். ஐந்தடி என்று கொண்டு முக்கால் பங்கை எடுத்தால் ஒரு நடைக்கு 130 கன அடி. இரண்டு நடையில் 260 வரை கொண்டுசெல்லலாம் என்பதால் உங்கள் 230 அடங்கும். இடைப்பட்ட தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்றவற்றில் ஒரு நடைக்கு 180 முதல் 200 வரைதான் வரும். அவற்றை எடுத்தாலும் மிச்சப் பொருளுக்கு இன்னொரு நடை வேண்டும் என்பதால் உங்களுக்கு அவை பொருந்தா. ஒரே நடையில் முடிக்க 407 தேவை. அதன் 270 உங்களுக்குப் போதுமானது.

ஆகவே உங்கள் முடிவைத் தெருதான் தீர்மானிக்க வேண்டும். 407-இன் கூண்டு மட்டுமே ஆறடிக்கு மேல் அகலம். பக்கக் கண்ணாடிகளையும், ஓரமாக நிற்கும் இருசக்கர வாகனங்களையும், வண்டி திரும்பும் முனையையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்பது அடிக்குக் குறைந்த தெருவில் அது வாசல் வரை வராது. தெருமுனையில் நிறுத்தினால் ஒவ்வொரு பொருளையும் அங்குவரை சுமந்து செல்ல வேண்டும். அதற்கு ஏற்றுக்கூலி கூடும், நேரமும் கூடும். வாசலிலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை நடந்து அளந்து பாருங்கள். நூறு அடிக்கு மேல் இருந்தால் குட்டி யானை இரண்டு நடையே மேல் என்பேன். பெருநகரங்களில் சரக்கு வண்டிகளுக்குச் சில சாலைகளில் நேரக் கட்டுப்பாடு இருப்பதால், இரண்டாம் நடை எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதையும் ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டு நடை என்று முடிவானால் முதல் நடையில் கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி ஆகிய பெரிய சாமான்களை அனுப்புங்கள். அவை தத்தம் இடத்தில் நின்றபிறகு பெட்டிகள் வந்தால்தான் புதிய வீட்டில் நடக்க வழி இருக்கும். பெட்டிகளை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு பீரோவை உள்ளே கொண்டுவர அவற்றையெல்லாம் மறுபடி நகர்த்துவோர் பலர்.

இரண்டாம் நடைக்கான வாடகையை மிச்சப்படுத்த எல்லாவற்றையும் ஒரே குட்டி யானையில் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் இணங்காதீர்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. பொருள் பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. ஓட்டுபவரோடு, அப்படி ஓட்டச் செய்தவரும் இதற்குப் பொறுப்பாவார். அபராதம் ஒருபுறமிருக்க, பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டியின்மேல் ஒரு நாற்காலி விழுந்தால் என்னாகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். கும்பகோணத்திலிருந்து மகன் வசிக்கும் திருச்சிக்குச் செல்கிறேன். என்னிடம் கட்டில், பீரோ எதுவும் இல்லை. சுமார் 3,000 புத்தகங்களும், ஆறு இரும்பு அலமாரிகளும், என் தாயார் காலத்து ஆட்டுக்கல்லும் அம்மியும்தான் உள்ளன. இடம் அதிகம் தேவைப்படாது என்பதால் சின்ன வண்டியே போதும் அல்லவா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: ஐயா, இடத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. எடையைப் பொறுத்தவரை போதாது. உங்கள் புத்தகங்களை அளந்து பார்ப்போம். நடுத்தர அளவுள்ள ஒரு நூலின் எடை 400 கிராம் என்று கொண்டால், 3,000 நூல்கள் 1,200 கிலோ. 16 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பெட்டியில் சுமார் 50 நூல்கள் கொள்ளும். அது 20 கிலோ, ஓர் ஆள் முதுகு நோகாமல் தூக்கக்கூடிய அளவு. ஆக உங்களுக்கு 60 பெட்டிகள் வேண்டும்; அவை அடைக்கும் இடம் வெறும் 80 கன அடி. குட்டி யானையின் தளத்தில் இரண்டரை அடி உயரத்துக்குள் அவை அடங்கிவிடும். பார்ப்பதற்குப் பாதி வண்டி காலியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த வண்டி சுமக்க அனுமதிக்கப்பட்ட பாரம் சுமார் 750 கிலோதான். புத்தகங்கள் மட்டுமே அதைத் தாண்டி 450 கிலோ அதிகம்.

அலமாரிகளைக் கழற்றிக் கட்டினால் இடம் குறையும், எடை குறையாது. ஆறுக்கும் 150 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். கருங்கல் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 75 கிலோ இருக்கும் என்பதால் ஆட்டுக்கல்லும் அம்மியும் குழவிகளும் சேர்ந்து ஒரு குவிண்டாலை எட்டக்கூடும். மொத்தம் 1,450 கிலோ. ஆகவே ஒன்றரை டன்னுக்குக் குறையாத பாரம் ஏற்றும் பிக்கப் வண்டி வேண்டும், 1.7 டன் வகை கிடைத்தால் இன்னும் நிம்மதி. பொலிரோ பிக்கப்பிலேயே 1.3, 1.5, 1.7 டன் என்று வகைகள் உண்டு என்பதால் வண்டியின் பெயரைக் கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடையும் பாரத்தோடு கூடிய மொத்த எடையும் குறித்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த வண்டி சட்டப்படி சுமக்கக்கூடியது. ஓட்டுநரின் எடையும் அதற்குள் அடக்கம்.

ஏற்றும்போது புத்தகப் பெட்டிகளைத் தளம் முழுவதும் சமமாகப் பரப்புங்கள். இடமோ வலமோ ஒரு பக்கம் சாய வேண்டாம், வால்புறத்தில் குவிக்கவும் வேண்டாம். ஆட்டுக்கல்லைக் கேபினை ஒட்டித் தரையில் வைத்து, உருளாதபடி நாற்புறமும் சாக்குமூட்டையால் அண்டை கொடுக்க வேண்டும். ஓடும் வண்டியில் அது நகர்ந்தால் அருகிலுள்ள பெட்டிகள் அனைத்தும் நசுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செல்வதாக இருந்தால் தார்ப்பாயை மட்டும் நம்பித் திறந்த வண்டியில் நூல்களை அனுப்ப வேண்டாம். வாடகை சற்று அதிகமானாலும் மூடிய கூண்டுள்ள வண்டியையே கேளுங்கள். ஒருமுறை நனைந்த புத்தகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை.

கேள்வி: சாமான் வண்டியிலேயே ஸ்கூட்டரையும் ஏற்றிவிடலாம் என்கிறார்கள். அதற்கு எவ்வளவு இடம் கணக்கிட வேண்டும்?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஆறடி நீளம், 2.3 அடி அகலம், கண்ணாடியைக் கழற்றியபின் 3.7 அடி உயரம் என்று பெருக்கினால் 51 கன அடி வரும். ஆனால் ஸ்கூட்டரின்மேல் எதையும் அடுக்க முடியாது. ஆகவே அது நிற்கும் 14 சதுர அடித் தரையும் கூரை வரை உங்களுக்கு இல்லை என்று கொள்ள வேண்டும். ஏழடிக் கூண்டில் அது 97 கன அடி. கட்டணத்தை ஒப்பிடும்போது இந்த 97-ஐ வைத்தே பாருங்கள். வண்டியின் வாசலோரத்தில், குறுக்கே நிறுத்தாமல் நெடுக்கே நிறுத்தி, இருபுறமும் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். பெட்ரோலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். சமையல் எரிவாயு உருளையையும் இதே வண்டியில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள், கூடாது. முகவரிடம் ஒப்படைத்து அதற்கான சான்றைப் பெற்றுக்கொண்டால் புதிய ஊரில் இணைப்பை மீண்டும் பெறலாம்.

கேள்வி: சேலத்திலிருந்து புனேவுக்கு மாற்றலாகிச் செல்கிறேன். முழு வண்டிக்கு வாடகை கட்டுப்படியாகாததால், பிறர் சாமானோடு சேர்த்து ஏற்றும் பகிர்வு வண்டியில் அனுப்ப முடிவு செய்தேன். நான் அளந்தது 380 கன அடி. நிறுவனத்தார் 520 என்று எழுதித் தந்திருக்கிறார்கள். எது சரி என்று எப்படிப் பேசுவது?
(வாசகர், சேலம்)

பதில்: முதலில் இருவரும் அளந்தது ஒன்றையேதானா என்று பாருங்கள். நீங்கள் வெறும் சாமான்களை அளந்திருப்பீர்கள். அவர்கள் கட்டியபின் வரும் அளவை மதிப்பிட்டிருப்பார்கள். தொலைக்காட்சிக்கும் கண்ணாடிக்கும் மரச்சட்டம் அடித்தால் அவற்றின் அளவு இரு மடங்காவதும் உண்டு. அதனால் 380 என்பது 420, 430 ஆகலாம். 520 ஆவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். பெரும்பாலும் கட்டிலையும் மேசையையும் கழற்றாமல் முழு அளவில் கணக்கிட்டிருப்பார்கள். அல்லது இடைவெளிக்கான கால் பங்கை உங்கள் கணக்கிலேயே சேர்த்திருப்பார்கள். பொருள்வாரியாகக் கன அடி குறித்த பட்டியலைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை; தரத் தயங்குபவரிடம் சாமானை ஒப்படைக்க வேண்டாம்.

இதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. கன அடியில் வாதாடாமல், வண்டியில் எத்தனை அடி நீளம் எனக்கு ஒதுக்குகிறீர்கள் என்று கேளுங்கள். ஆறடி அகலமும் ஏழடி உயரமும் உள்ள கூண்டில் ஒவ்வோர் அடி நீளமும் 42 கன அடி. 520 கன அடிக்குக் காசு கொடுத்தால் பன்னிரண்டு அடிக்கு மேல் நீளம் உங்களுக்கு உரியது. ஏற்றும் நாளில் அந்த இடத்தில் கூண்டின் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். கூரை வரை அடுக்கி முடித்தபின் உங்கள் சாமான் பத்தடியிலேயே நின்றுவிட்டால், மீதி இரண்டடிக்கான தொகையைக் குறைக்கும்படி அங்கேயே பேசலாம். இந்த ஏற்பாட்டைக் கட்டண ஒப்பந்தத்தில் முன்னதாகவே ஒரு வரியாக எழுதிக்கொள்வது முக்கியம். ஏற்றியபின் பேசினால் பலன் இராது.

லாரி பார்சலில் அனுப்பினால் எடைக்குத்தானே காசு என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கும் இடத்துக்கே காசு வாங்குவார்கள். பொருள் லேசானதாகவும் பெரியதாகவும் இருந்தால், ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று ஓர் எடையை வைத்துக்கொள்வார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது 6, 8, 10 கிலோ என்று மாறும். 25 கிலோ எடையுள்ள மெத்தை 16 கன அடி இருந்தால், 10 கிலோ வீதத்தில் அதற்கு 160 கிலோவுக்கான கட்டணம் விழும். பஞ்சு மெத்தையையும் தலையணையையும் புனேவில் புதிதாக வாங்கிக்கொள்வதே சிக்கனம். பாத்திரப் பெட்டிகளையும் புத்தகப் பெட்டிகளையும் பார்சலில் அனுப்பலாம்.

கேள்வி: காரைக்குடி வீட்டிலிருந்து ஒரு பழைய தேக்கு அலமாரியைக் கோவையிலுள்ள அடுக்ககத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். ஏழடி உயரம், நான்கடி அகலம், இரண்டடி ஆழம். ஒரே கூடாகச் செய்தது, கழற்ற முடியாது. எந்த வண்டி எடுப்பது?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: வண்டியைத் தேடுவதற்கு முன் கோவை வீட்டின் வாசலை அளந்துகொள்ளுங்கள். அலமாரியின் 56 கன அடி எந்த வண்டிக்கும் பெரிதல்ல. அதன் ஏழடி உயரம்தான் சிக்கல். ஏழடிக் கூண்டில் அதை நிற்கவைக்க முடியாது. காரணம், படுத்திருப்பதைச் சாய்த்து நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் 7.3 அடி, அந்த உயரம் இருந்தால்தான் அது நிமிரும். ஆகவே முதுகுப்புறம் கீழே இருக்கும்படி படுக்கவைத்தே கொண்டுவர வேண்டும். அதற்கு 28 சதுர அடித் தரை தேவை. இது மட்டுமே வருவதானால், எட்டடித் தளமுள்ள தோஸ்த் போன்ற வண்டி போதும். மற்ற சாமானோடு வருவதானால், அதன்மேல் மெத்தை, தலையணை, துணிப்பெட்டி ஆகியவற்றைத் தவிர எதையும் வைக்கக் கூடாது.

அடுக்ககத்தில் மின்தூக்கியின் கதவு பெரும்பாலும் ஆறரை அடி உயரமும் இரண்டரை அடி அகலமும்தான் இருக்கும். உள்ளே ஏழடி நீளம் படுக்காது, நிற்கவும் செய்யாது. எனவே படிக்கட்டுதான் வழி. ஒவ்வொரு தளத்திலும் படி திரும்பும் மேடையின் நீள அகலத்தையும், கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் அளந்து, அதே அளவுக்கு அட்டைகளை ஒட்டி ஒரு மாதிரி செய்து, இரண்டு பேர் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். வீட்டு வாசலில் கதவை நிலையிலிருந்து கழற்றினால் ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டடி ஆழமுள்ள பக்கவாட்டுப் பலகை கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து நுழைத்தால் மூன்றடி வாசலில் தாராளமாக வரும். நுழைந்தவுடன் எதிரே ஏழடிக்குக் குறையாத வெற்றிடம் இருக்க வேண்டும். நடைவழி உடனே வளைவதாக இருந்தால், பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றும் அனுபவமுள்ளவர்களை அழைக்க வேண்டியிருக்கும். அந்தக் கூலியையும், குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியையும் கேட்டறிந்த பிறகு வண்டிக்குச் சொல்லுங்கள்.